சுவரோரம் முளைத்த செடி

கோயில் பின்சுவர் ஓரமா யாரும் நடாத ஒரு செடி முழங்கால் உயரம் வளர்ந்திருக்கு. காம்புக்கு மூணு இலை. வில்வம்தான்னு சொல்லி இளைஞர்கள் மஞ்சள் துணியே கட்டிட்டாங்க. நானும் நம்பினேன். பூ கட்டுற பாட்டி ஒரு இலையைக் கிள்ளினாங்க, வெள்ளையா பால் வடிஞ்சது. "வில்வம்னா முள் எங்கடா? இது பால் மரம்" என்றார். தோட்டத்துல பிறந்த எனக்கு வெட்கமாப் போச்சு.

வேலிக்கு அந்தப் பக்கம், செம்பனைக்கு நடுவுல ஒரு பழைய மரம் மிச்சம் இருக்கு. காய் வெயில்ல வெடிச்சா கொட்டை தூரமாத் தெறிக்கும். அதைச் சிமெண்டுல தேய்ச்சுக் கூட்டாளிக்குச் சூடு வச்சது என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த மரம் நம்ம மண்ணுது இல்ல. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைச்சது மூவாயிரம்கூட இல்லை. மறுவருஷம் சிங்கப்பூர் வந்தது 22 கன்றுகள். அதில் 9 கோலகங்சாருக்குப் போனது. 1888-இல் சிங்கப்பூர் பூங்காவுக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைச் செய்து காட்டினார். பார்க்கிறவரிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர்! 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் தோட்டமாகவே போட்டார். அப்புறம் கார் டயருக்கு ரப்பர் தேவைப்பட, கப்பல் கப்பலா நம்ம ஆளுங்க வந்தாங்க. எங்க தாத்தாவும்தான்.

வேர் சுவரை உடைக்கும், பிடுங்கணும்னு செயலவை சொல்லுது. நியாயம்தான். ஆனா வீசிடாதீங்க. ஞாயிறு காலை வேலி ஓரமா மாத்தி நடலாம், சங்குல் இருக்கிறவங்க கொண்டு வாங்க. மஞ்சள் துணியை நான் இன்னும் அவிழ்க்கல.