தள்ளினால் ஸ்ரார்ட் வராத கார்

போன வருசம் ஒருநாள் பின்னேரம், அம்மாவைக் கிளினிக்கில் இருந்து கூட்டிக்கொண்டு வரும்போது எங்கட கார் ஒழுங்கை முகப்பில் நின்றுபோனது. என்ஜின் ஓடுது. கியர்த் தடியை டியில் போட்டால் என்ஜின் உறுமுது, ஆனால் கார் ஒரு அடியும் அசையவில்லை. அப்பா ரெண்டு மூண்டு தரம் ஓவ் பண்ணி ஓண் பண்ணிப் பார்த்ததில் பழைய பற்றரியும் இறங்கிப்போச்சு.

பெரியப்பா வந்தார். 90களில் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டின மனிசன். வந்த உடனேயே பெடியளைக் கூப்பிட்டு, "செக்கண்டில போடுறன், தள்ளுங்கோடா" என்று சொல்லிக்கொண்டு ஏறி இருந்தார். கொஞ்ச நேரம் காலால் கீழே தடவிவிட்டு, "இதில மிதிக்கிறதுக்கு ஒண்டுமில்லையே" என்றார். எல்லாரும் சிரித்தோம். கிளச் இல்லாத கார் அது. 1990களின் நடுவில் ஜப்பானில் செய்த ஒட்டோ கியர் கார்.

சிரிப்பு அடங்கின பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. 1950களில் செய்த ஒரு காரை எல்லாம் தடைப்பட்டிருந்த ஒரு காலத்தில் ஓட்டி முடித்த ஆள், அதைவிட 40 வருசம் புதுசான ஒரு காருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இது எப்படி நடந்தது?

முதலில் பெரியப்பாவின் காலத்தைப் பார்ப்போம். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தட்டுப்பாடான பொருட்களாயின. யாழ்ப்பாணத்து வீதிகளில் மிஞ்சி ஓடினவை பெரும்பாலும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பழைய ஆங்கிலக் கார்கள். கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். பற்றரி இல்லையென்றால் தள்ளுவார்கள். அந்தக் காரில் உள்ளதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கியர்பெட்டியும் அப்படித்தான். பல்லுச் சில்லுகள், ஒரு கிளச் தட்டு, ஒரு தடி. தேய்ந்ததை லேத்தில் கடைந்து திரும்பப் போடலாம். அந்தக் காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரும் அவர்களுக்கு இடம் கொடுத்தது.

இனி ஒட்டோ கியரின் கதைக்கு வருவோம். அது சொகுசுக் கதை மட்டுமில்லை. மோட்டார்க் காரின் முதல் 30 வருசங்களில் கியர் மாத்துவது உண்மையிலேயே கஷ்டமான வேலை. கிளச்சை ரெண்டு தரம் மிதித்து, என்ஜின் வேகத்தைக் காதால் அளந்து மாத்தவேணும். பிழைத்தால் பல்லுகள் அரைபடும். இதற்கு ஒரு வழி தேடினவர்களில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஸ்டேட்டவன்ட் சகோதரர்களும் உண்டு. 1904இல் அவர்கள் செய்த பெட்டியில், வேகம் கூடக்கூட வெளியே விரியும் பாரக்கட்டிகள்தான் கியரை மாத்தின. யோசனை சரி, அந்தக் காலத்து உலோகம் தாங்கவில்லை. கட்டிகள் பிய்த்துக்கொண்டு பறந்தன.

அடுத்த வருசம், 1905இல், ஜேர்மனியில் ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்ற பொறியியலாளர் வேறொரு யோசனைக்குக் காப்புரிமை எடுத்தார். அவர் யோசித்தது காருக்கில்லை, கப்பலுக்கு. வேகமாகச் சுத்தும் ரேபைனின் பலத்தை, இரும்பும் இரும்பும் தொடாமல் திரவத்தின் வழியாகச் சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோவது. கூழ்ப் பானைக்குள் அகப்பையை வேகமாகச் சுத்திப் பாருங்கோ. பானையைப் பிடிக்காமல் விட்டால் பானையும் சேர்ந்து சுத்தப் பார்க்கும். அகப்பை பானையைத் தொடவில்லை, கூழ்தான் பலத்தைக் கொண்டுபோனது. ஒட்டோ கியர் காரில் அகப்பையை என்ஜின் சுத்துகிறது. பானை இருக்கவேண்டிய இடத்தில் கியர்பெட்டிக்குள் போகும் தண்டு இருக்கிறது. கூழுக்குப் பதிலாக ஒயில்.

இந்த ரெண்டையும் சேர்த்து, பெருமளவில் விற்கக்கூடிய ஒரு பெட்டியாக்கினது ஜெனரல் மோட்டோர்ஸ். அந்த வேலையை முன்னின்று நடத்தினவர் ஏர்ல் தொம்சன். கியர் மாத்தும்போது பல்லு அரைபடாமல் இருக்கும் முறையை 1920களின் கடைசியில் கடிலாக் காருக்குக் கொடுத்தவரும் அவர்தான். 1939இன் கடைசியில், 1940ஆம் ஆண்டு ஒல்ட்ஸ்மொபில் காரில் ஹைட்ராமற்றிக் வந்தது. முன்னுக்கு நாலு கியர். கிளச் பெடல் இல்லை. எப்போது மாத்துவது என்பதை ஒயிலின் அமுக்கமும் சின்னச் சின்ன வால்வுகளும் தீர்மானித்தன. கம்பியூட்டர் காருக்குள் வருவதற்குப் பல வருசங்களுக்கு முன்பு, ஒயிலால் யோசிக்கிற ஒரு மூளை அது. இரண்டாம் உலகப் போரில் அதே பெட்டி அமெரிக்காவின் எம்5 டாங்கிகளுக்குள் போனது. போரில் தேறின பெட்டி என்ற பேரும் அதோடு வந்தது.

ஆனால் பெட்டி எவ்வளவு கெட்டியோ, அதை நம்பியிருந்த உலகம் அவ்வளவு கெட்டியில்லை. 1953 ஓகஸ்ட் 12, மிச்சிகனில் லிவோனியா என்ற இடத்தில் இருந்த ஹைட்ராமற்றிக் தொழிற்சாலையில், இரும்பு வெட்டும் சுவாலையில் பறந்த பொறி எண்ணெயில் பிடித்துத் தொழிற்சாலையே எரிந்துபோனது. உயிர்களும் போயின. அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய தொழிற்சாலைத் தீ நட்டம் அது. கடிலாக்கும் ஒல்ட்ஸ்மொபிலும் தங்கட சகோதர நிறுவனமான பியூக்கின் பெட்டியைக் கடன் வாங்கிப் போட்டுக் கார் விற்கவேண்டி வந்தது.

ஒயிலின் கதை இன்னும் விசித்திரம். பல வருசங்களாக அந்த ஒயிலில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பைக் கலந்தார்கள். எங்கட திருகோணமலைக் கடலிலும் கற்பிட்டிக் கடலிலும் தெரிகிற அதே இனம். கிளச் தட்டுகள் வழுக்காமலும் வேண்டும், வெடுக்கென்று பிடிக்காமலும் வேண்டும். அந்த நடுநிலையைத் திமிங்கிலக் கொழுப்பு கொடுத்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருட்களைத் தடை செய்தது, அது நல்ல முடிவுதான். ஆனால் மாற்று ஒயில்கள் சரிவரக் கொஞ்சக் காலம் எடுத்தது. இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒட்டோ கியருக்கு ஒயில் என்பது வெறும் வழுவழுப்புக்கு விடுகிற சாமான் இல்லை. பலத்தைக் கொண்டுபோவதும் கிளச்சை அமுக்கிப் பிடிப்பதும் சூட்டை இறக்குவதும் அதுதான். ஒயில் ஒரு உதிரிப்பாகம். பிழையான ஒயில் விடுவது பிழையான பாகம் போடுவதற்குச் சமன்.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். தள்ளினால் ஏன் ஸ்ரார்ட் வராது? கிளச் தட்டுகளைப் பிடிக்கிற ஒயில் அமுக்கத்தைத் தருகிற பம்ப்பை என்ஜின்தான் சுத்துகிறது. என்ஜின் ஓடாவிட்டால் அமுக்கம் இல்லை. அமுக்கம் இல்லாவிட்டால் சில்லுக்கும் என்ஜினுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் கவனியுங்கோ, முந்தின ஒட்டோ கியர் பெட்டிகள் பலதில் பின்பக்கம் ரெண்டாவது பம்ப் ஒன்று இருந்தது. அதைச் சில்லு சுத்தும். காரை வேகமாகத் தள்ளினால் அமுக்கம் வந்து என்ஜின் ஸ்ரார்ட் ஆகும்! 1960களில் செலவு குறைக்க அந்தப் பம்ப்பை எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த பல கார்களில் ஒயில் பார்க்கிற கம்பியையும் எடுத்துவிட்டார்கள். "வாழ்நாள் முழுக்க மாத்தத் தேவையில்லை" என்றார்கள். யாருடைய வாழ்நாள் என்று சொல்லவில்லை. இப்படி ஒவ்வொரு தரமும் ஓட்டுகிற ஆளின் வேலை கொஞ்சம் குறைந்தது. அதோடு கை வைக்கக்கூடிய ஒரு கதவும் மூடிக்கொண்டது.

இலங்கைக்கு இந்தப் பெட்டிகள் கூட்டமாக வந்தது 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு, ஜப்பானில் ஓடிக் கழிந்த றீகண்டிஷன் கார்களாக. வடக்குக்கு 2002இல் ஏ9 திறந்த பிறகும், பிறகு 2009க்குப் பின்னும். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் டொலரும் இல்லை, எரிபொருளும் இல்லை. தனியார் கார் இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசமும் 25 வயதுக் கார்கள் நாட்டை இழுத்தன. அவற்றில் ஒன்றுதான் எங்கட ஒழுங்கை முகப்பில் நின்றது.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தோம். மெக்கானிக் அண்ணை போனிலேயே தடுத்தார். "முன்சில்லு நிலத்தில உருள இழுத்தால் உள்ளுக்க ஒயில் ஓடாது, மிச்சமும் போயிடும். லொறியில ஏத்துங்கோ" என்றார். கராச்சில் அவர் செய்த முதல் வேலை ஒயில் கம்பியை இழுத்து மணந்து பார்த்தது. கம்பியின் நுனியில் மட்டும் ஒயில். சிவப்பாய் இருக்கவேண்டியது கறுப்பாய், கருகின மணத்தோடு இருந்தது. காரின் கீழே ஒரு றப்பர் சீல் இறுகி வெடித்திருந்தது. அதால் மாதக்கணக்காய் ஒயில் துளித்துளியாய்ப் போயிருக்கு. ஒயில் குறைய பம்ப் காற்றை இழுத்திருக்கு. அமுக்கம் குறைய தட்டுகள் வழுக்கி எரிந்திருக்கு.

அடையாளங்கள் எல்லாம் முந்தியே வந்திருந்தன. டியில் போட்டால் ரெண்டு செக்கண்ட் யோசித்து அசையும். ஏற்றத்தில் என்ஜின் சத்தம் கூடும், வேகம் கூடாது. நாங்கள் "வயசு போன கார்தானே" என்று விட்டுவிட்டோம். என்னை வெட்கப்படுத்தினது இதுதான். எங்கட காரில் அந்தக் கம்பி இருந்தது. அந்தக் கதவை யாரும் பூட்டவில்லை. பத்து வருசமாக நாங்கள்தான் திறக்கவில்லை.

ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். ஒருவர், பழைய பெட்டி ஒன்று வாங்கி மாத்தச் சொன்னார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "தடிப்பு ஒயில் விட்டால் ஒரு மாதம் இழுக்கும். அதுக்குள்ள ஒருத்தருக்கும் சொல்லாமல் வித்துப்போடுங்கோ" என்றார். அப்பா அன்றிரவு சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியும். கையில் காசில்லை, அம்மாவுக்கு மாதம் ரெண்டு தரம் கிளினிக். விடியக் காலமை சொன்னார்: "வாங்கிறவனும் எங்கட ஊர்தான். அவன்ர வீட்டிலயும் ஒரு வருத்தக்காரர் இருப்பினம்."

அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது. பெட்டியைத் திறந்து தட்டுகளையும் சீல்களையும் மாத்தி, வால்வுப் பகுதியைக் கழுவினார்கள். கொழும்பில் இருந்து சாமான் வர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் நான் கராச்சில் நின்றேன். ஒயிலால் யோசிக்கிற அந்த மூளையைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கொப்பி அளவு அலுமினியத் தட்டில், எறும்புப் பாதைகள் மாதிரி வாய்க்கால்கள். பெரியப்பாவும் ஒருநாள் வந்து பார்த்தார். "விளங்காத சாமான் இல்லை, காட்டித் தந்திருந்தால்" என்றார்.

அந்தக் காட்டித் தருதல்தான் இன்றைய சண்டை. தங்கட காரைத் திருத்தத் தேவையான தகவலை உற்பத்தியாளர்கள் வெளியில் இருக்கிற கராச்களுக்கும் கொடுக்கவேணும் என்று 2012இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநில மக்கள் வாக்களித்தார்கள். ஸ்டேட்டவன்ட் சகோதரர்களின் பொஸ்ரன் இருக்கிற அதே மாநிலம். எங்கட நாட்டில் அந்தத் தகவல் இன்னும் அநேகமாக மெக்கானிக் அண்ணைமாரின் தலைக்குள்தான் இருக்கிறது.

உங்கட வீட்டிலும் ஒரு பழைய ஒட்டோ கியர் கார் நின்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கோ. சமமான நிலத்தில் நிறுத்தி, என்ஜினைச் சூடாக்கி, காரின் கைநூல் சொல்கிறபடி ஒயில் கம்பியை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கோ. தெளிந்த சிவப்பென்றால் நல்லது. கறுத்து எரிந்த மணமென்றால் உடனே கராச்சுக்கு. பால்தேத்தண்ணி மாதிரி என்றால் றேடியேற்றர்த் தண்ணி உள்ளே போயிருக்கு, காரை எடுக்கவே வேண்டாம். கம்பியே இல்லாத கார் என்றால், அளவு பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கோ.

எங்கட கார் இப்போது ஓடுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஒயில் பார்ப்பது பெரியப்பாவின் வேலை. காப்பு இன்னும் மீளவில்லை.