வேகமும் நிதானமும்: விசுவநாதன் ஆனந்தின் சதுரங்க வரலாறு



இன்றைய உரையில் சதுரங்க ஆட்டத்தைப் பற்றிப் பேசவிருக்கிறோம். இப்போது நம் பிள்ளைகள் பலர் கைத்தொலைபேசியில் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சதுரங்கம் ஆடுகிறார்கள். ஓர் ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. "பையன் மின்னல்போல ஆடுகிறான்" என்று மகிழும் பெற்றோரும் உண்டு. "யோசிக்காமல் தட்டிக்கொண்டே இருக்கிறானே" என்று கவலைப்படும் பெற்றோரும் உண்டு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. வேகம் எந்த இடத்தில் பலம், எந்த இடத்தில் குறை என்பதை விசுவநாதன் ஆனந்த் என்னும் தமிழரின் வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

முதலில், சதுரங்கத்தில் கடிகாரம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் முதல் அனைத்துலகப் போட்டி நடந்தபோது நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஒரு காயை நகர்த்த எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். எதிரே இருப்பவர் சோர்ந்து போகும்வரை யோசித்தவர்களும் இருந்தார்கள். இதைத் தடுக்க 1861இல் மணற்கடிகாரம் வந்தது. 1883இல் இலண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒருவர் காயை நகர்த்தியதும் அவருடைய கடிகாரம் நிற்கும். மற்றவருடைய கடிகாரம் ஓடும். அன்று முதல் சதுரங்க வீரனுக்கு எதிரிகள் இருவர். ஒருவர் பலகைக்கு எதிரே இருப்பவர். மற்றொன்று பக்கத்தில் ஓடும் நேரம். பெரிய போட்டிகளில் ஆளுக்கு இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் கிடைக்கும். கழகங்களில் பொழுதுபோக்காக ஐந்து நிமிட ஆட்டம் ஆடுவார்கள். பிற்காலத்தில் விரைவாட்டத்துக்கென்றே உலகப் போட்டிகள் தோன்றின.

இனி ஆனந்தின் கதைக்கு வருவோம். அவர் 1969ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். தந்தை இரயில்வே அதிகாரி. ஆறு வயதில் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் தாயார் சுசீலா. சில ஆண்டுகளில் தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகருக்குப் போனது. 1978இல் கார்ப்போவ், கோர்ச்சினாய் என்ற இரு பெரும் வீரர்களின் உலகப் பட்டப் போட்டி அந்நாட்டின் பாகியோ நகரில் நடந்திருந்தது. அதனால் அங்கே சதுரங்க மோகம் பரவியிருந்தது. தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்கப் புதிர் நிகழ்ச்சி வரும். ஆனந்த் அப்போது பள்ளியில் இருப்பார். தாயார் புதிர்களைத் தாளில் எழுதி வைப்பார்; மகன் வீடு திரும்பியதும் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். ஆனந்த் அடிக்கடி வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்பாமல் இருக்கும்படி அவரிடமே சொல்லிவிட்டார்களாம். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவருடைய வேகம் பிறந்த இடம் சென்னையில் இருந்த தால் சதுரங்கக் கழகம். சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய அந்தக் கழகத்துக்கு, 1960இல் உலக வெற்றி வீரரான மிகாயில் தாலின் பெயரை வைத்திருந்தார்கள். இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டரான மானுவல் ஆரோன் அதை வளர்த்தவர். ஆட வருபவர்கள் அதிகம், பலகைகள் குறைவு. ஆகவே ஒரு வழக்கம் இருந்தது: ஐந்து நிமிட ஆட்டம், வென்றவர் அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். எழுந்திருக்க மனமில்லாத சிறுவன் ஒரு மாலையில் பல ஆட்டங்களை ஆடிவிடுவான். வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு ஆட்ட முறைகள். இப்படி ஆடி ஆடி, பலகையைப் பார்த்தவுடனேயே நல்ல நகர்வு கண்ணில் படும் பழக்கம் ஆனந்துக்கு வந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பால்மரம் சீவிப் பழகிய கை அளவு பார்த்துக்கொண்டா உளியை வைக்கிறது? ஆயிரக்கணக்கான மரங்களைச் சீவிய அனுபவம் கைக்குள் இருக்கிறது. சதுரங்க வேகமும் அப்படிப்பட்டதுதான். முன்பு கண்ட காய்களின் அமைப்பு மனத்தில் தங்கியிருப்பதால், புதிய ஆட்டத்திலும் அது உடனே நினைவுக்கு வருகிறது.

வேகம் தந்த பலன்கள் பல. 1983இல் இந்திய இளையோர் போட்டி ஒன்றில் ஒன்பது ஆட்டங்களிலும் ஒன்பது வெற்றி பெற்றார். 1987இல் அதே பாகியோ நகரில் உலக இளையோர் பட்டம் வென்றார். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எதிரிகள் இரண்டு மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் ஆட்டத்தில், பல வேளைகளில் இவர் அரை மணிக்குள் தம் பங்கை முடித்துவிடுவார். நகர்த்திவிட்டு எழுந்து உலாவப் போய்விடுவார். எதிரே இருப்பவர் "நான் காணாத எதையோ இவன் கண்டுவிட்டானோ" என்று கலங்கிப் போவார். பலகையில் தவறு வருமுன் மனத்தில் தவறு வந்துவிடும். வேகத்தின் பெரும் பலம் இது.

நேயர்களே, குறை எங்கே இருந்தது? அதே 1988ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியா நாட்டு வீரர் அலோன்சோ சப்பாட்டாவுடன் ஆனந்த் கறுப்புக் காய்களில் ஆடினார். நடுப்பலகையில் நின்ற தம் குதிரையைக் காக்க ஐந்தாம் நகர்வில் மந்திரியை வெளியே கொண்டுவந்தார். இதே நகர்வு முன்பு அச்சில் வந்த ஓர் ஆட்டத்தில் இருந்தது. அந்த ஆட்டத்தில் அதனால் தீங்கு வரவில்லை. ஆனால் சப்பாட்டா தம் ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். குதிரைக்கு நேர் பின்னால் கறுப்பு ராஜா நின்றதால் குதிரை நகர வழியில்லை. நின்றாலோ வெள்ளைக் காலாள் வந்து தாக்கும். குதிரை போனது போனதுதான். ஆறே நகர்வில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலக இளையோர் பட்டம் வென்ற வீரருக்கு வந்த தோல்வி இது! நினைவில் இருந்ததைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் நின்றிருந்தால் வராத தோல்வி.

பெரிய போட்டிகளிலும் இந்தப் பாடம் தொடர்ந்தது. 1994இல் ஐதராபாத்து அருகே சங்கி நகரில் அமெரிக்க வீரர் காட்டா காம்ஸ்கியுடன் மோதியபோது, ஆனந்த் இரண்டு புள்ளிகள் முன்னால் இருந்தார். எல்லாரும் வெற்றி உறுதி என்று நினைத்தார்கள். காம்ஸ்கி விடாப்பிடியாக ஆடி நான்குக்கு நான்கு என்று சமன் செய்தார். பிறகு விரைவாட்டம். விரைவாட்டத்தில் ஆனந்தை யார் வெல்ல முடியும்? ஆனால் இரண்டு ஆட்டங்களையும் காம்ஸ்கியே வென்றார். கை வேகமாக இருந்தாலும் மனம் கலங்கியிருந்தால் பயன் இல்லை என்பதற்கு இது சாட்சி.

1995இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில் உலக வெற்றி வீரர் காஸ்பரோவை எதிர்த்து ஆனந்த் ஆடினார். முதல் எட்டு ஆட்டங்களும் சமன். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். ஆனால் பத்தாவது ஆட்டத்துக்குக் காஸ்பரோவ், யானையைப் பலி கொடுக்கும் ஒரு திட்டத்தை முன்கூட்டியே ஆராய்ந்து தயாரித்து வந்திருந்தார். அன்று வேகமாக ஆடியவர் காஸ்பரோவ். திகைத்து அமர்ந்தவர் ஆனந்த். பத்தாவது ஆட்டம் முதல் ஐந்து ஆட்டங்களுக்குள் காஸ்பரோவ் நான்கில் வென்றார். முடிவில் பத்தரைக்கு ஏழரை என்று ஆனந்த் தோற்றார். பலகையில் தெரியும் வேகத்துக்குப் பின்னால், வீட்டில் அமர்ந்து செய்த மெதுவான உழைப்பு இருக்கலாம் என்பதை அந்த ஆட்டம் உலகுக்குக் காட்டியது.

ஆனந்த் தம் வேகத்தைக் கைவிடவில்லை. அதற்கு அடித்தளம் போட்டார். உதவியாளர்களுடன் அமர்ந்து, கணினியின் துணையோடு, தொடக்க நகர்வுகளை மாதக் கணக்கில் ஆராய்ந்தார். 2000இல் உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் பட்டத்தை முதன்முறையாக வென்றார். 2007இல் மெக்சிகோ நகரில் உலக வெற்றி வீரரானார். 2008இல் செருமனியின் பான் நகரில் இரசியாவின் கிராம்னிக்கைச் சந்தித்தபோது, வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் ராஜாவின் காலாளைக் கொண்டு ஆட்டம் தொடங்கியவர், ராணியின் காலாளைக் கொண்டு தொடங்கினார். கறுப்புக் காய்களில் மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களை வென்றார். இரண்டிலும் வீட்டில் தயாரித்த புதிய வழி பயன்பட்டது. ஆறரைக்கு நாலரை என்று பட்டத்தைக் காத்தார். நாற்பது வயதை நெருங்கும்போது பழைய பழக்கத்தை மாற்றிக்கொண்டாரே, அது பெரிய காரியம்.

2012இல் மாஸ்கோவில் கெல்பாண்டுடன் நடந்த பட்டப் போட்டி ஆறுக்கு ஆறு என்று சமனில் முடிந்தது. மறுபடியும் விரைவாட்டம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் சங்கி நகரில் கைவிட்ட அதே வேகம் இங்கே கைகொடுத்தது. கெல்பாண்ட் யோசனையில் நேரத்தைச் செலவழித்து நெருக்கடியில் சிக்கினார். ஆனந்த் தம் நேரத்தைச் சேமித்து வைத்து, நான்கு ஆட்டங்களில் ஒன்றை வென்று, மூன்றைச் சமன் செய்து பட்டத்தைத் தக்கவைத்தார். 2013இல் நார்வே இளைஞர் கார்ல்சனிடம் சென்னையில் பட்டத்தை இழந்தார். மறு ஆண்டும் அவரிடம் தோற்றார். அவருடைய காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். ஆனால் 2017இல், 48ஆம் வயதில், சவுதி அரேபியாவின் ரியாத்தில் நடந்த உலக விரைவாட்டப் போட்டியில் பதினைந்து சுற்றுகளிலும் ஒரு தோல்வியும் இல்லாமல் ஆடினார். இடையில் கார்ல்சனையும் வென்று பட்டம் பெற்றார். அடித்தளம் உள்ள வேகம் வயதானாலும் நிற்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அது நமக்கு அருகிலேயே நடந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீன நாட்டு டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று உலக வெற்றி வீரரானார். குகேஷ் நீண்ட ஆட்டத்தில் ஆழமாக யோசிப்பவர். விரைவாட்டத்தில் அவ்வளவு பலம் உள்ளவராக அப்போது அவரை யாரும் எண்ணவில்லை. கடைசி ஆட்டமும் சமனானால் விரைவாட்டம் வரும், அதில் டிங் வெல்லக்கூடும் என்று பலர் பேசினார்கள். அந்தப் பதினான்காம் ஆட்டத்தில், பல மணி நேரத்துக்குப் பின், டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதை உடனே கவனிக்கவில்லை. வேறு நகர்வு செய்ய இருந்ததாக அவரே பிறகு சொன்னார். ஆனால் கையை நிறுத்தி, மறுபடியும் பார்த்தார். அந்த ஒரு நிறுத்தத்தில் உலகப் பட்டம் இருந்தது.

நேயர்களே, வகுப்பில் முதலில் கை தூக்கும் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்கிறோம். மெதுவாக விடை சொல்லும் பிள்ளையை மந்தம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்தச் சொல் ஒரு பிள்ளையின் மேல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் உதிர்வதில்லை. ஒரே நகரத்தில் வளர்ந்த இருவரில் ஒருவர் வேகத்தாலும் மற்றவர் நிதானத்தாலும் உலகின் உச்சிக்கு வந்தார்கள். ஆகவே வேகத்தைக் கொண்டு மட்டும் எந்தப் பிள்ளையையும் அளக்க வேண்டாம்.

வேகமாக ஆடும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். அதன் கையில் ஒரு பலம் இருக்கிறது. நாம் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி ஒவ்வொரு நகர்வையும் பதிவு செய்து வைத்திருக்கிறது; எந்த நகர்வில் ஆட்டம் கெட்டது என்று பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். இரண்டு, வாரத்தில் ஒரு நாளாவது உண்மையான பலகையில், எதிரே ஒரு மனிதர் அமர, ஒரு மணி நேர ஆட்டம் ஆடட்டும். தமிழ்ப்பள்ளியிலோ தோட்டத்து மண்டபத்திலோ நான்கு பலகைகள் இருந்தால் ஒரு கழகம் தயார். மூன்று, காயைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்கப் பழகட்டும்: "நான் இதை நகர்த்தினால் எதிரி என்ன செய்வான்?" பீல் நகரில் அந்த ஒரு கேள்வி போதுமானதாய் இருந்திருக்கும்.

"பதறாத காரியம் சிதறாது" என்று நம் பெரியோர் சொன்னார்கள். பால்மரத்தில் கை வேகமாய்ப் போகலாம். ஆனால் உளி ஆழமாய் இறங்கி மரத்தைக் காயப்படுத்தினால், அங்கே வளரும் புதுப் பட்டை முடிச்சு விழுந்துபோகும். மறுமுறை சீவுவது கடினம். இதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கை ஓட வேண்டிய இடம் எது, நிற்க வேண்டிய இடம் எது என்று தெரிந்து வேலை செய்தவர்கள் நீங்கள். அந்த அறிவைச் சதுரங்கப் பலகைக்கு முன் அமர்ந்திருக்கும் உங்கள் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.