ஹம்ப்ரி ஆஸ்மண்ட்

ஹம்ப்ரி ஃபோர்டெஸ்க்யூ ஆஸ்மண்ட் (1917–2004) இங்கிலாந்தில் பிறந்து, கனடாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய மனநல மருத்துவர். ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை உண்டாக்கியவர் என்றே பெரும்பாலும் அறியப்படுகிறார். அந்த ஒரு சொல்லின் வெளிச்சத்தில் அவருடைய மற்ற வேலைகள் மங்கிப்போயின. நோயாளி எந்த அறையில், யார் அருகில், எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதும் சிகிச்சையில் சேர்த்தி என்று விடாமல் சொல்லிவந்தவர் அவர்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் மருத்துவராக இருந்தார். போருக்குப் பின், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஸ்மிதீஸுடன் சேர்ந்து, பெயோட்டி என்ற முள்ளில்லாக் கள்ளியில் உள்ள மெஸ்கலினை ஆராய்ந்தார். மெஸ்கலின் மூலக்கூறின் அமைப்பு அட்ரினலினை ஒத்திருப்பது இருவரின் கண்ணில் பட்டது. அப்படியானால், மனச்சிதைவு நோயாளியின் உடலே இதுபோன்ற ஒரு நஞ்சைச் சுரக்கிறதோ? லண்டனில் இந்தக் கேள்விக்கு வரவேற்பில்லை. 1951இல் ஆஸ்மண்ட் கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்துக்குக் கப்பலேறினார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் வேபர்ன். கோதுமை வயல்களுக்கு நடுவே 1921இல் திறக்கப்பட்ட பெரிய மனநல மருத்துவமனை; உள்ளே தாங்கமுடியாத நெரிசல். சஸ்காட்டூனில் இருந்த ஆப்ரம் ஹாஃபர் அவருக்கு ஆய்வுத் துணையானார். மெஸ்கலினையும் எல்.எஸ்.டி.யையும் தாமே உட்கொண்டு பார்த்தபோது, நோயாளிக்குச் சுவரும் தரையும் எப்படித் தெரியும் என்பது ஆஸ்மண்டுக்கு ஓரளவு பிடிபட்டது. மருத்துவமனை வடிவமைக்க வந்த கட்டடக் கலைஞர் கியோ இசுமியும் எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு வார்டுகளைச் சுற்றிவந்தார். முடிவில்லாமல் நீளும் தாழ்வாரம் அச்சுறுத்தியது. இருண்ட அலமாரி குகைபோல வாய்பிளந்தது. அந்த அனுபவம் யார்க்டன் நகர மனநல மையத்தின் வரைபடத்தில் இடம்பிடித்தது.

வேபர்னில் வயதான பெண்களின் வார்டு ஒன்றைப் புதுப்பித்திருந்தார்கள். புது நாற்காலி, நல்ல வெளிச்சம். ஆனாலும் பேச்சு மூச்சில்லை. நாற்காலிகள் சுவரோரம் வரிசைகட்டி நின்றதால், ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போலப் பெண்கள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். உளவியலாளர் ராபர்ட் சாமர் அவற்றைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டார். சில வாரங்களில் உரையாடல் ஏறக்குறைய இரட்டித்தது. இப்படி ஆட்களை நெருங்கவைக்கும் இடம், விலக்கிவைக்கும் இடம் என்று பிரித்துப் பெயரிட்டவர் ஆஸ்மண்ட்தான்.

குடிநோய்ச் சிகிச்சை தவறான ஊகத்தில் தொடங்கியது. குடியை நிறுத்தும்போது நடுக்கமும் பிதற்றலும் வந்து அலறிப்போனவர்கள் சிலர் அதோடு குடியை விட்டுவிடுவதுண்டு. அந்தத் திகிலை எல்.எஸ்.டி.யால் வரவழைத்தால் என்ன என்று 1953இல் ஆஸ்மண்டும் ஹாஃபரும் முயன்றார்கள். நோயாளிகளோ திகிலைப் பற்றிப் பேசவில்லை. தங்களைத் தாங்களே முதன்முறையாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். அச்சுறுத்தும் எண்ணம் கைவிடப்பட்டது. வசதியான அறை, இசை, பூக்கள், நாள் முழுதும் உடனிருக்கும் மருத்துவர் என்று முறை மாறியது. பெருமளவு மருந்தை ஒருமுறை மட்டுமே கொடுத்தார்கள். கொடுப்பவரும் அதை முன்பே எடுத்துப் பார்த்திருக்கவேண்டும் என்பதை வலியுறுத்தினார்கள்.

1953 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு அரை டம்ளர் தண்ணீரில் 0.4 கிராம் மெஸ்கலினைக் கரைத்துக் கொடுத்தவர் ஆஸ்மண்டே. ஹக்ஸ்லியைப் பைத்தியமாக்கியவன் என்ற பழி வந்துவிடுமோ என்று உள்ளூர நடுங்கியிருக்கிறார். அதன் பின் தொடர்ந்த கடிதப் போக்குவரத்தில், 1956இல், ‘மனத்தை வெளிக்காட்டுவது’ என்ற பொருளில் கிரேக்க வேர்களிலிருந்து ‘சைக்கடெலிக்’ பிறந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அறிவியலாளர் கூட்டத்தில் அரங்கேறியது. அதுவரை வழங்கிய ‘பைத்தியத்தைப் போலி செய்யும் மருந்து’ என்ற பெயர், நோயாளிகள் சொன்ன அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. இன்று அந்தச் சொல் நிறம் கொப்பளிக்கும் சட்டைக்கும் பாட்டுக்கும் அடைமொழியாகிவிட்டது வேறு கதை.

அட்ரினலின் சிதைவால் உண்டாகும் அட்ரினோகுரோமே மனச்சிதைவுக்குக் காரணம் என்ற அவரது கோட்பாடு நிலைக்கவில்லை. நியாசின் வைட்டமினை அதிக அளவில் கொடுக்கும் சிகிச்சையையும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் குழு 1973இல் ஏற்க மறுத்தது. இவற்றில் அவர் காட்டிய பிடிவாதம் அவருடைய நல்ல வேலைகளுக்கும் கெட்ட பெயர் தேடித்தந்தது.

குடிநோய் ஆய்வின் மீது எழுந்த குறை வேறு வகை: ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லை. 1966இல் டொராண்டோவில் 30 பேரைக் கொண்டு கறாரான ஒப்பீட்டு ஆய்வு நடந்தது, எல்.எஸ்.டி.யால் பயனில்லை என்று முடிந்தது. அங்கே மருந்து கொடுத்து, நோயாளியைக் கட்டிலோடு வாரால் பிணைத்திருந்தார்கள். இதுவா எங்கள் சிகிச்சை என்று சஸ்காட்சவன் தரப்பு கேட்டது. அறையைக் கணக்கில் சேர்த்தால் மருந்தின் பலனை எப்படித் தனியே அளப்பது என்று டொராண்டோ தரப்பு கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விகள். இதற்கிடையில், 1965இலேயே சாண்டோஸ் நிறுவனம் எல்.எஸ்.டி. வழங்குவதை நிறுத்திவிட்டது, தடைச்சட்டங்களும் வந்தன.

ஆஸ்மண்ட் பின்னர் நியூஜெர்சியிலும் அலபாமாவிலும் பணியாற்றி, 2004 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தில் காலமானார். 2012இல் நார்வே ஆய்வாளர்கள் இருவர், 536 பேர் பங்கேற்ற 6 பழைய ஒப்பீட்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 சதவீதமும் மற்றவர்களில் 38 சதவீதமும் குடிப்பழக்கத்தில் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். அந்த 6 ஆய்வுகளில் டொராண்டோவில் நடந்ததும் ஒன்று.