பெருமிதம் யாருக்குச் சொந்தம்?

“அவரவர் அம்மாவை வரையுங்கள்” என்றேன், கூடுவாஞ்சேரியில் என் வகுப்புப் பிள்ளைகளிடம். வரைந்தனர். ஒரு சிறுமி நீட்டிய தாளிலே இளஞ்சிவப்பு முகம்! அவளுடைய அன்னையை நான் அறிவேன். கட்டட வேலைக்குச் செல்பவர், கரிய நிறத்தவர், வெயிலிலே காய்ந்த முகம். “உன் அம்மா இப்படியா இருப்பார்?” என்று கேட்டேன். “படத்துல இப்படித்தானே சார் இருக்கணும்?” என்றாள்.

பத்து வயது நிரம்பாத பிள்ளை! படத்திலே ஏறத் தன் தாயின் முகத்துக்குத் தகுதியில்லை என்று அவளுக்குக் கற்பித்தது யார்? விடை தேடிப் புறப்பட்டால், தோழர்களே, வரலாற்றிலே போய் நிற்கிறோம்.

முகம் கண்டு அகம் அறிவது தமிழனுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்றும் உரைக்கிறது. பெருமிதம் பிறப்பது நான்கால்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. வறுமையோ அழுகையின்பாற் சேர்க்கப்பட்டிருக்கிறது. கற்றவனுக்கும் கொடுப்பவனுக்கும் பெருமிதம், இல்லாதவனுக்குக் கண்ணீர்! உழைத்துக் காய்த்த கைக்கு அந்த வரிசையிலே இடமில்லை. அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம். ஆயினும் உளியும் தூரிகையும் நெடுங்காலம் அந்த வழியேதான் நடந்தன.

சான்று தொலைவில் இல்லை, மாமல்லபுரத்திலே இருக்கிறது. ஆதிவராகக் குகைக்கோயிலில் இரண்டு பல்லவ மன்னர்களின் உருவங்கள். ஒருவன் அமர்ந்திருக்கிறான், மற்றவன் நிற்கிறான். மேலே பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன: சிம்மவிஷ்ணு, மகேந்திரன். எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால், அருகே நிற்கும் அரசியரைப் பற்றி வாதமே இல்லை. அவர்களுக்குப் பெயரே பொறிக்கப்படவில்லையே! அரசிக்கே இந்த நிலை என்றால், ஆட்டுக்காரிக்கு என்ன நிலை?

அந்தச் சிற்பிகள் உழைப்பவனைக் காணாதவர்களா? இல்லை. அதே ஊரில், கிருஷ்ண மண்டபத்திலே, ஒருவன் பசுவின் மடியிலே பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. எத்தனை உயிர்ப்பு! ஆனால், மலையைத் தூக்கும் கடவுளின் கதைக்குத் துணையாகத்தான் அவன் அங்கே வரமுடிந்தது. தனக்கென ஒரு படம் அவனுக்கில்லை.

காலம் மாறிற்று, எண்ணெய் வண்ணம் வந்தது. 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, அரசர்களையும் உயர்குடியினரையும் உயிருள்ளவர்போல் வரைந்தார். 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகம், செக்கச் சிவந்த தேவியரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஓவியம் எளியோர் சுவருக்கு வந்தது, அது ஆக்கம். எளியோர் முகம் ஓவியத்துக்கு வரவில்லையே, அது ஏக்கம்! நாடோடிக் குடும்பமொன்றை அவர் வரைந்ததுண்டு. அங்கும் ஏழைக்குக் கிடைத்தது இரக்கமே, பெருமிதமன்று.

திருப்பம் 1959இல் மெரினாவிலே தெரிந்தது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையிலே, நால்வர் பாறையைப் பெயர்க்கின்றனர். அவர்களைப் பார்த்து எவன் இரங்குவான்? நிமிர்ந்தல்லவா நிற்பான்! 1966இல் அவர் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், மாமல்லபுரம் செல்லும் அதே கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்திலே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. கைவினைப் பொருள்களை விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு, தம் விருப்பத்துக்கு வரைந்தனர். புரவலனின் நிழல் திரைச்சீலையை விட்டு விலகியது.

விலகிய இடத்திலே யார் வந்து அமர்ந்தார்? ஓவியர் இளையராஜாவின் படங்களைப் பாருங்கள். கும்பகோணம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலே பயின்றவர். 2021இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. அடுப்படியும் திண்ணையும் வாசற்படியும் அவருடைய அரண்மனைகள். கரிய மேனிப் பெண்கள் அவருடைய அரசியர்.

அந்த முகங்களின் உணர்வை எப்படிப் படிப்பது? மூன்று கேள்விகள் போதும். ஒளி எங்கே விழுகிறது? கரிய கன்னத்திலே விழுந்து மின்னுகிறது. நிறத்தை வெளுக்கவில்லை, விளக்குகிறது. கண் எங்கே நோக்குகிறது? நம்மிடம் எதையும் யாசிக்கவில்லை. கை என்ன செய்கிறது? அன்றாட வேலையிலே இருக்கிறது. பெருமிதத்தின் நான்கு பிறப்பிடங்களோடு ஐந்தாவதாக உழைப்பையும் சேர்த்துவிட்டது அந்தத் தூரிகை!

அழகு வலியை மறைத்துவிடாதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அழகென்று வியந்துவிட்டு, அவள் கூலியை மறந்தால், குற்றம் நம்முடையது.

அப்படங்களிலொன்றின் அச்சுப்படியை வகுப்புச் சுவரில் மாட்டினேன். அந்தச் சிறுமி நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் வண்ணப் பெட்டியைத் திறந்தாள். இளஞ்சிவப்புக் குச்சி அடிவரை தேய்ந்திருந்தது. பழுப்பு நிறக் குச்சியோ வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது.

தோழர்களே, அந்தப் பழுப்புக் குச்சி தேயட்டும்!