பொந்து விழ 120 ஆண்டு

போன லீவுக்கு ஹீல்ஸ்வில் தாண்டி பிளாக் ஸ்பர் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். அக்காவின் மகன் கேட்டான்: "மாமா, ஏன் எல்லா மரமும் ஒரே உயரமாய் நிக்குது?"

நல்ல கேள்வி. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வயது மரங்கள். 1939 ஜனவரி 13, கறுப்பு வெள்ளி அன்று விக்டோரியாவின் மலைக்காடுகள் எரிந்தன. அந்தச் சாம்பலில் முளைத்தவைதான் இந்த மவுண்டன் ஆஷ் மரங்கள்.

இந்தக் காட்டில் லெட்பீட்டர் பொசம் என்றொரு குட்டி விலங்கு இருக்கிறது. உங்கள் கைபேசியை விட எடை குறைவு. பகலெல்லாம் முதிய மரத்தின் பொந்துக்குள் குடும்பமாகத் தூங்கும். இரவில் வாட்டில் மரப் பிசினும் பூச்சியும் தேடும். (ஊரில் பட்ட பனையில் கிளி குடியிருக்கும் என்று அம்மம்மா சொல்வாவே, அதே மாதிரிப் பொந்துதான்.) இது அழிந்துவிட்டது என்றே நம்பியிருந்தார்கள். 1961இல் எரிக் வில்கின்சன் மேரிஸ்வில் அருகே மீண்டும் கண்டார். 1971இல் விக்டோரியாவின் விலங்குச் சின்னமானது.

இதில் ஒரு வேடிக்கை: 1939 தீதான் அதற்கு ஒரு பொற்காலத்தைக் கொடுத்தது. எரிந்து செத்த பெருமரங்களில் பொந்து, கீழே இளம் வாட்டில். வீடும் சாப்பாடும் ஒரே இடத்தில். ஆனால் செத்த மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. புது மரத்தில் இயற்கையாகப் பொந்து விழ 120 ஆண்டுக்கு மேல் வேண்டும். மரவெட்டுத் திட்டமோ 80 ஆண்டு வயதுக்குள்ளேயே மரத்தை எடுத்துவந்தது. அந்தக் கணக்கில் பொந்து வரவே வராது. என் வேலையில் இப்படியொரு அட்டவணை போட்டால் முதல் மீட்டிங்கிலேயே கிழித்துப் போடுவார்கள்.

2009 தீயில் இன்னும் வாழிடம் போனது. 2014 முதல், பொசம் காணப்பட்ட இடத்தைச் சுற்றி 200 மீட்டருக்கு வெட்டத் தடை. விலங்கைக் கண்டால்தான் பாதுகாப்பு. இரவில் காடேறித் தேடியவர்களில் பலர் தொண்டர்கள். அவர்களைப் போன்ற ஒரு குழு வழக்குப் போட்டு 2020இல் வென்றது. 2021இல் மேல்முறையீட்டில் தோற்றது. மரத்தொழிலுக்கு மத்திய சட்டத்தில் விலக்கு உண்டு என்றது நீதிமன்றம். தோற்ற வழக்குதான், ஆனாலும் அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. 2024 ஜனவரி 1 முதல் விக்டோரியாவின் அரச காடுகளில் இயற்கை மரவெட்டு நின்றது. மரவெட்டை நம்பியிருந்த சின்ன ஊர்களுக்கு அது கசப்பான நாள்.

1939 மரங்களில் வெட்டாமல் தப்பியவற்றுக்கு 2059இல்தான் 120 வயது. மருமகன் விரல்விட்டு எண்ணினான்.

"அப்ப எனக்கு நாற்பத்தாறு வயசு, மாமா."