கிடர்பூர்: ஆடை மேலாண்மைக் கல்வி

கொல்கத்தாவின் கிடர்பூர்த் துறைமுகத்தை அடுத்த மேட்டியாபுருஜ் தையலுக்குப் பேர்போனது. 1856இல் நாடிழந்து வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்த தையற்காரர்களிடமிருந்தே தொழில் தொடங்கியது என்பார்கள். நகரின் மறுகோடியான சால்ட் லேக்கில் 1995 முதல் நிஃப்ட் என்னும் தேசிய ஆடையலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. அங்கே ஆடை மேலாண்மை படிப்பவர் முதலில் பார்க்கவேண்டியது மேட்டியாபுருஜில் ஓஸ்தாகர் எனப்படும் தையல் முதலாளியின் பட்டறையைத்தான். துணியை அடுக்கி மொத்தமாக வெட்டுவது, தைப்பதை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது, ஹாட் என்னும் வாரச்சந்தையில் விலை படியாவிட்டால் அடுத்த வாரமே மாதிரியை மாற்றுவது: கொள்முதலும் அடக்கவிலையும் இருப்புக் கணக்கும் ஒரே அறைக்குள் நடக்கின்றன. கணக்கேடு ஒழுங்காக இல்லாத, கூலி குறைந்த தொழிலைப் பாடமாக்கலாமா என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் அந்தக் குறைந்த கூலியும் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஏற்றுமதி ஆலையை மட்டும் பார்த்த மாணவருக்கு அது கண்ணில் படாது.