உடையாக் குவளையின் வரலாறு: ஜேர்மன் ஜனநாயகக் குடியரசின் கண்ணாடித் தொழில் பற்றிய ஒரு குறிப்பு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு நுட்பம் ஏன் தோன்றிற்று என்பதை ஆராயும் அளவுக்கு, நன்கு இயங்கிய நுட்பமொன்று ஏன் கைவிடப்பட்டது என்பதை நாம் ஆராய்வதில்லை. இன்றைய சாக்சனி மாநிலத்துச் சிற்றூரான ஸ்வெப்னிட்ஸில் 1980 முதல் 1990 வரை உற்பத்தி செய்யப்பட்ட குவளைகளை ஈண்டு எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது வினாவின் பொருட்டேயாம்.

கண்ணாடி இயல்பிலேயே வலுவற்றது என்பது பொதுவான எண்ணம். சிலிக்கா மணல், சோடியங் காபனேற்று, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை ஏறத்தாழ 1500 பாகை சதம அளவையில் உருக்கிப் பெறப்படும் இப்பொருளின் அணுப்பிணைப்புகள் உண்மையில் மிக உறுதியானவை. குறை மேற்பரப்பிலேயே உள்ளது. கையாளும்போதும் கழுவும்போதும் விழும் நுண்கீறல்களின் முனைகளில் இழுவைத் தகைப்புக் குவிகின்றது. ஒரு கட்டத்தில் கீறல் பிளவாகின்றது. பிரித்தானியாவில் ஏ. ஏ. கிரிபித் கண்ணாடி இழைகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1921இல் வெளியிட்டார். இழை மெலிய மெலிய அதன் வலு கூடுவதை அவர் கண்டார். அவரது அக்கறை விமானங்களின் உலோக உறுப்புகள் முறிவது பற்றியதே. கண்ணாடி அவருக்கு வாய்ப்பான மாதிரிப் பொருளாக அமைந்தது.

எனவே கண்ணாடியை வலுப்படுத்துதலாவது, அதன் மேற்பரப்பை எப்பொழுதும் நெருக்கலில் வைத்திருத்தலாகும். பிரான்சியரான டி லா பஸ்தி 1874இல் சூடான கண்ணாடியை எண்ணெயில் அமிழ்த்தி இதனைச் சாதித்தார். புறப்பகுதி முதலில் இறுகும். பின்னர் இறுகும் உட்பகுதி புறத்தை உள்நோக்கி இழுக்கும். ஆனால் மெல்லிய குவளைச் சுவரில் அகத்துக்கும் புறத்துக்கும் போதிய வெப்பநிலை வேறுபாடு தோன்றாது. இதற்கான இரசாயன வழியை அமெரிக்கரான கிஸ்லர் 1962இல் எடுத்துரைத்தார். ஏறத்தாழ 400 பாகையில் உருகிய பொற்றாசிய உப்புடன் கண்ணாடி தொடுகையுறும்போது, மேற்பரப்பிலுள்ள சோடியம் அயன்கள் வெளியேற, அவற்றினும் பருத்த பொற்றாசியம் அயன்கள் அவ்விடங்களிற் புகுகின்றன. நெரிசலான பேருந்தில் மெலிந்தவர் விட்டெழுந்த இருக்கையிற் பருத்தவர் வந்தமர்ந்தால் அருகிலிருப்போர் படும் நெருக்கம் யாம் அறியாததன்று.

இவ்வாறு உண்டான தகைப்பை முனைவாக்கிகள் இரண்டுக்கிடையே வைத்து நோக்கி அறியலாம். வீழ்த்தியும், வெந்நீரிலிருந்து குளிர்நீருக்கு மாற்றியும் மாதிரிகளைச் சோதிப்பதுண்டு. ஆயினும் குவளைக்குரிய மெய்யான சோதனைக்களம் உணவுச்சாலையே. ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டும் நாள்தோறும் பன்முறை கழுவப்பட்டும் அது அங்கேதான் கீறலுறுகின்றது.

ஜேர்மன் ஜனநாயகக் குடியரசை இத்துறையில் உந்தியது பற்றாக்குறையே. மூலப்பொருள், எரிபொருள், அந்நியச் செலாவணி யாவும் அருமையாயிருந்த பொருளாதாரத்தில், உணவுச்சாலைகளில் உடையும் ஒவ்வொரு குவளையும் மீளுற்பத்திச் சுமையாயிற்று. விஞ்ஞானக் கழகத்து ஆய்வாளர்கள் அயன்மாற்று முறையைப் பெருந்தொகை உற்பத்திக்கு இசைவாக்கினர். மெல்லியனவாகவும் அடுக்கத்தக்கனவாகவும் வடிவமைக்கப்பட்டு, ‘சுப்பர்ஃபெஸ்ற்’ என்னும் பெயரால் அறியப்பட்ட இக்குவளைகள் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 12 கோடி உற்பத்தியாயின.

அரசு இவற்றை மேற்குச் சந்தையில் விற்றுச் செலாவணி ஈட்டவும் விரும்பிற்று. அங்கு வாங்குவோர் கிட்டவில்லை. உடையும் குவளைக்கு மாற்றுக் குவளை விற்றே பிழைக்கும் வணிகர்கள் உடையாததை ஏன் வாங்குவர் என்று கேட்டதாக, விற்பனை முயற்சியில் ஈடுபட்டோர் பின்னாளிற் கூறியுள்ளனர். 1990இல் உற்பத்தி நின்றது.

இவ்வீழ்ச்சிக்கு வணிகர் மனப்பான்மை ஒன்றையே காரணமாக்குதல் எமக்கு உடன்பாடன்று. அவ்வாண்டு யூலை மாதம் நடைமுறைக்கு வந்த நாணய ஒன்றிணைப்பு கிழக்கின் தொழிற்சாலைகள் பலவற்றை ஒரே வீச்சில் போட்டியின் வாயிலில் தள்ளியது; கிழக்கு மக்களும் மேற்குப் பொருள்களையே நாடினர். திட்டமிட்ட பொருளாதாரத்தைப் போற்றிப் பாடுதற்கும் இவ்வரலாறு இடந்தராது. நீடித்துழைக்கும் பொருளை விழைந்த அவ்வரசே தன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஊர்களை அழித்தது. எனினும் நுட்பம் தோற்றதாக எவரும் கூறவியலாது. 1962இலேயே இம்முறையிற் கண்ணாடி செய்த அமெரிக்கக் கோர்ணிங் நிறுவனம், 2007இல் ஐபோனின் முகப்புக்காக அதனை மீண்டும் கையிலெடுத்தது. கருவி சில ஆண்டுகளில் மாற்றப்படும் சந்தையில் வலிய கண்ணாடியால் எவருடைய விற்பனையும் குன்றவில்லை. ஸ்வெப்னிட்ஸ் குவளைகளிற் பல கிழக்கு ஜேர்மனியின் வீடுகளிலும் பழம்பொருட் சந்தைகளிலும் இன்றும் புழக்கத்தில் உள்ளன.